பத்து மாதத்தில் செய்த ஊசியா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

2020 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் இரண்டு இடங்களில் மக்கள் காத்திருந்தார்கள். ஒன்று இங்கிலாந்தில். 8ஆம் திகதி காலை கொவன்ட்ரி நகரத்து வைத்தியசாலையில் 90 வயதான ஒரு அம்மா கையை நீட்டினார். ஆய்வுப் பரிசோதனைக்கு வெளியே பைஸர் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். மற்றது எங்கள் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில். தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொவிட்டைத் தடுக்கும் என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் எங்கள் இரத்தினபுரி மாவட்டத்துக்காரர். அவரும் அந்தப் பாணியைக் குடித்துக் காட்டினார். அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது.

ஹெட்டிமுல்லையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்க நாம் தயாரில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு எதை யார் கொடுத்தார்கள்? ஆனால் ஒன்று கவனித்தோம். பாணியைப் பற்றி யாரும் "இதை எப்போது கண்டுபிடித்தார்கள், யாரில் சோதித்தார்கள்" என்று கேட்கவில்லை. ஊசி வந்தபோது எல்லோரும் கேட்டார்கள். இன்றைக்கும் பாடசாலைக் கூட்டங்களில் பெற்றோர் கேட்பது அதுதான்: "சேர், பத்து மாதத்தில் செய்த ஊசிதானே, எப்படி நம்புவது?"

கேள்வி நியாயமானது. பதில் என்னவென்றால், அது பத்து மாதத்தில் செய்த ஊசி அல்ல. ஏறத்தாழ 60 வருடத்து வேலை. கடைசிப் பத்து மாதம்தான் எங்கள் கண்ணில் பட்டது. அந்த வேலையில் மிகக் கஷ்டமான பகுதி மருந்தைக் கண்டுபிடித்தது என்பதைவிட, அதைப் பொதி செய்யக் கற்றுக்கொண்டது என்பதே எமது கருத்து.

முதலில் எம்ஆர்என்ஏ என்றால் என்ன என்று பார்ப்போம். உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு தோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒஃபீஸ் இருக்கிறது. அதுதான் கரு. அங்கே பூட்டிய அலுமாரிக்குள் மூலப் பதிவேடு இருக்கிறது. அதுதான் டிஎன்ஏ. பதிவேடு ஒருபோதும் வெளியே வராது. ஃபெக்டரியில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் கிளாக்கர் ஐயா அதற்குரிய பக்கத்தைப் பார்த்து ஒரு துண்டு எழுதி அனுப்புவார். துண்டைப் பார்த்து ஃபெக்டரி புரதத்தைச் செய்யும். வேலை முடிந்ததும் துண்டைக் கிழித்துப் போட்டுவிடும். அந்தத் துண்டுதான் எம்ஆர்என்ஏ. தோட்டத்து மூத்தவர்களுக்குத் துண்டு என்றால் வேறு ஞாபகம் வரும். கங்காணியின் கடனோடு ஆட்களையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை அது. 1921இல் அதைச் சட்டம் ஒழித்தது. நாம் சொல்லும் துண்டு யாரையும் கட்டிப்போடாது. சில நாட்களில் தானே அழிந்துவிடும்.

இந்தத் துண்டு இருக்கிறது என்று உலகம் உறுதியாக அறிந்தது 1961இல். சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜேக்கப், மெத்தியூ மெசெல்சன் ஆகியோர் ஒரு பக்கமும் ஜேம்ஸ் வட்சனின் குழு இன்னொரு பக்கமும் அதைக் காட்டினார்கள். 1984இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதனைக் குழாயிலேயே எழுதக் கற்றார்கள். உடனே ஒரு யோசனை பிறந்தது. கிளாக்கர் எழுதும் துண்டை நாமே எழுதி உள்ளே அனுப்பினால் என்ன? கிருமியின் ஒரு சிறு பாகத்தைச் செய்யச் சொல்லி எழுதினால், கிருமி வராமலேயே உடம்பு அதன் அடையாளத்தைப் படித்துக்கொள்ளுமே.

1987இல் ரொபர்ட் மலோன் என்ற ஆய்வு மாணவர் துண்டைக் கொழுப்புத் துளிகளோடு கலந்து கலங்களுக்குள் அனுப்பினார். 1990இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஓர் எலியின் தசைக்குள் துண்டை ஊசியால் ஏற்றினார்கள். எலியின் கலங்கள் துண்டில் எழுதியதைச் செய்தன. 1993இல் பிரான்சில் இன்புளுவென்சாவுக்கு இப்படியொரு ஊசியை எலிகளில் பார்த்தார்கள். கணக்குப் பாருங்கள்: கொவிட்டுக்கு 27 வருடம் முந்தியது அது.

பிறகு ஏன் இத்தனை காலம்? துண்டு மகா பலவீனமானது. அதை அறுக்கும் நொதியங்கள் எங்கள் வியர்வையிலும் விரல் நுனியிலும்கூட இருக்கின்றன. அதோடு வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏயைக் கண்டதும் உடம்பு கள்ளன் வந்தான் என்று மணி அடிக்கும். வீக்கமும் காய்ச்சலும் வரும். துண்டை வாசிக்க முன்பே கலம் கதவை அடைத்துவிடும். பெரிய கம்பனிகள் பார்த்துவிட்டு, சரிவராது என்று விலகிப் போயின.

விலகாமல் நின்றவர்களில் ஒருவர் கட்டலின் கரிக்கோ. ஹங்கேரி நாட்டுச் சிற்றூரில் இறைச்சிக் கடைக்காரரின் மகள். குழாய்த் தண்ணீரும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாத ஒற்றை அறை மண் வீட்டில் வளர்ந்தவர். லயன் அறையில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் இதை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்வதுண்டு. 1985இல் ஆய்வு வேலை பறிபோனது. காரை விற்று வந்த 900 பவுண் காசைத் தன் குட்டி மகளின் கரடிப் பொம்மைக்குள் தைத்து மறைத்துக்கொண்டு அமெரிக்கா போனார். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்என்ஏக்குப் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. 1995இல் பதவியில் கீழே இறக்கப்பட்டார். ஆனாலும் வேலையை விடவில்லை.

1990களின் கடைசியில் போட்டோகொப்பி மெசின் பக்கத்தில் வைத்து ட்ரூ வைஸ்மன் என்ற நிர்ப்பீடன ஆய்வாளரைச் சந்தித்தார். இருவரும் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். எங்கள் உடம்பிலேயே உள்ள சில வகை ஆர்என்ஏ மணி அடிப்பதில்லை. ஏன்? அவற்றின் எழுத்துக்களில் சில சற்று மாற்றப்பட்டவை. யூரிடின் என்ற எழுத்துக்குப் பதிலாக சூடோயூரிடின் வைத்துத் துண்டை எழுதினார்கள். மணி அடங்கிவிட்டது. 2005இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. முதலில் அனுப்பிய பெரிய சஞ்சிகை அதை ஏற்கவில்லை. வெளிவந்த பிறகும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2023 ஒக்டோபரில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மணி முழுக்க அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மறுநாள் கை வலியும் காய்ச்சலும் அதனால்தான். நாட்கூலிக்கு அது சின்ன விடயம் இல்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு பேர் போச்சு. "மறுநாள் வேலைக்குப் போக முடியாது" என்று ஊசியைத் தள்ளிப்போட்ட தோட்டத்து அக்காமாரைப் படிக்காதவர்கள் என்று திட்டியவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இனிப் பொதி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

துண்டு மின் ஏற்றத்தில் மறை. நேர் ஏற்றம் உள்ள கொழுப்பு அதை இழுத்துப் பிடிக்கும் என்று ஆரம்பத்திலேயே தெரியும். சிக்கல் என்னவென்றால் எப்போதும் நேர் ஏற்றத்தோடு இருக்கும் கொழுப்பு உடம்புக்கு நஞ்சு. அப்படியானால் துண்டைக் கட்டும்போது ஏற்றம் வேண்டும், இரத்தத்தில் போகும்போது ஏற்றம் இருக்கக் கூடாது, கலத்துக்குள் போனதும் மீண்டும் வேண்டும். இப்படி ஒரு கொழுப்புக்கு எங்கே போவது?

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது லேசு. சிரட்டையில் வடியும் பால் ஏன் திரவமாகவே இருக்கிறது? அதிலுள்ள நுண்ணிய ரப்பர் துணிக்கைகள் ஒரே வகை ஏற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டோரில் அசிட் விட்டதும் ஏற்றம் போய்விடுகிறது, பால் உறைகிறது. அசிட் ஏற்றத்தை மாற்றும் என்பதை எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு முன்பே கண்ணால் கண்டவர்கள். கனடாவின் வன்கூவரில் பீற்றர் கலிஸ் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் பல வருடம் பாடுபட்டு உருவாக்கியதும் அமிலத்துக்கு ஏற்றம் மாற்றும் கொழுப்பைத்தான். ஒரு வித்தியாசம்: ரப்பர் பாலில் அமிலம் ஏற்றத்தை எடுத்துவிடுகிறது, இந்தக் கொழுப்பில் அமிலம் ஏற்றத்தைக் கொடுக்கிறது.

செய்முறை இப்படி. துண்டு அமிலத் தண்ணீரில் கரைந்திருக்கும். கொழுப்புகள் அற்ககோலில் கரைந்திருக்கும். இரண்டு ஓடைகளையும் ஒரு நுண்ணிய சந்தியில் சேர விடுவார்கள். கண் இமைக்க முன் கொழுப்பு ஏற்றம் பெற்றுத் துண்டைச் சுற்றிக்கொள்ளும். பிறகு அற்ககோலையும் அமிலத்தையும் வடித்து அகற்றிவிடுவார்கள். ஏற்றம் தணிந்து, அமைதியான ஓர் உருண்டை மிஞ்சும். ஒரு மில்லிமீற்றருக்குள் பத்தாயிரம் உருண்டைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறிது. ஊசியாக உடம்புக்குள் போனதும் கலம் அதை ஒரு குமிழிக்குள் வைத்து விழுங்கும். குமிழியின் உட்புறம் மெல்ல அமிலமாகும். அப்போது கொழுப்புக்கு மீண்டும் ஏற்றம் வந்து, குமிழியின் சுவர் உடைந்து, துண்டு வெளியே விழும். விழுங்கப்பட்ட துண்டுகளில் சிறு பகுதிதான் இப்படித் தப்புகிறது. அது போதும்.

நான்கு வகைக் கொழுப்பு சேர்கிறது. ஏற்றம் மாறுவது ஒன்று. உருண்டைக்கு உறுதி கொடுக்கும் கொலஸ்டரோல் ஒன்று. கலச் சுவரில் இருப்பது போன்ற பொஸ்போலிப்பிட் ஒன்று. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்த்தும் பெக் கொழுப்பு ஒன்று. இந்தப் பொதி கொவிட்டுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு வேறொரு வகை ஆர்என்ஏயை ஏற்றிச் செல்ல இதே முறையில் செய்த ஒன்பற்ரோ என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2018 ஓகஸ்டிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. கொவிட் வருவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பு பொதி தயார்.

துண்டில் என்ன எழுதுவது என்பதும் பாதி தயார்தான். அதற்கு ஒட்டகத்தைக் கேட்க வேண்டும். 2012இல் சவூதியில் மெர்ஸ் என்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்டகத்தை நெருங்க வேண்டாம் என்று ஹாஜிமாருக்குச் சொன்னது ஞாபகம் இருக்கும். அதுவும் கொரோனா வகைக் கிருமிதான். அதன் முள் புரதம் நெகிழ்ந்து உருமாறிவிடும். இரண்டு இடங்களில் எழுத்தை மாற்றினால் உருமாறாமல் நிற்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருந்தார்கள். 2020 ஜனவரி 11ஆம் திகதியளவில் சீன விஞ்ஞானிகள் புதிய கிருமியின் மரபு எழுத்துக்களை உலகத்துக்கு வெளியிட்டார்கள். இரண்டு நாட்களில் மொடர்னா ஊசியின் வரைபு முடிந்தது. மார்ச் 16இல் சியாட்டில் நகரில் முதல் ஆளுக்குப் போட்டார்கள்.

ஜெர்மனியில் அதே வேலையைச் செய்தவர்கள் உகுர் ஷாஹின், ஒஸ்லெம் துரெசி என்ற தம்பதி. துருக்கியில் பிறந்த ஷாஹின் சிறுபிள்ளையாக ஜெர்மனிக்குப் போனவர். அவருடைய தகப்பனார் கொலோன் நகரத்து போர்ட் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். துரெசியும் துருக்கியிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் 2008இல் தொடங்கிய பயோஎன்டெக் கம்பனி உண்மையில் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. கரிக்கோவும் 2013இல் அங்கே சேர்ந்திருந்தார். பைஸர் கம்பனி அவர்களோடு கைகோத்தது.

சரி, சோதனையை அவசரப்படுத்தினார்களா? வழமையாக ஒரு கட்டம் முடிந்து, பணம் தேடி, பிறகு அடுத்த கட்டம். இங்கே பணம் முன்கூட்டியே கொட்டப்பட்டது. கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. முடிவு தெரிய முன்பே உற்பத்தி தொடங்கியது. வெட்டிய நேரம் பெரும்பாலும் காத்திருக்கும் நேரம். பைஸர் சோதனையில் 43,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு உண்மை ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். நோய் வந்த 170 பேரில் 162 பேர் உப்புத் தண்ணீர் போட்டவர்கள். 8 பேர்தான் உண்மை ஊசி போட்டவர்கள். 95 சதவீதம் என்று சொன்ன கணக்கு இதுதான். பிற்கால உருமாற்றங்களுக்கு முன் தொற்றைத் தடுக்கும் பலம் குறைந்தது. மோசமான நோயையும் மரணத்தையும் தடுக்கும் பலம் கூடுதல் காலம் நின்றது. இளம் ஆண்களில் மிக அரிதாக இதயத் தசையில் வீக்கம் ஏற்பட்டதும் உண்மை. அனேகம் பேர் குணமடைந்தார்கள். இதை மறைத்துப் பேசுவோரால்தான் வதந்திக்கு வாய் நீள்கிறது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2021 ஜனவரி 28இல் முதலில் வந்தது இந்தியா அன்பளிப்புச் செய்த ஐந்து இலட்சம் கொவிஷீல்ட். பிறகு சீனாவின் சினோபார்ம். இவை எம்ஆர்என்ஏ வகை அல்ல. எங்கள் மாகாணத்தில் பெரும்பாலானோர் கையில் ஏறியது சினோபார்ம்தான். முதலாவது பைஸர் தொகுதி, 26,000 அளவு, ஜூலை 5ஆம் திகதி வந்தது. ஜூலை 16ஆம் திகதி அமெரிக்க அன்பளிப்பாக 15 இலட்சம் மொடர்னா வந்தது. அதைப் பக்கத்துக் கண்டி மாவட்டத்தில் போட்டார்கள். பைஸர் எங்கள் மலைகளுக்குப் பரவலாக வந்தது பாடசாலை வழியாக. 2021 ஒக்டோபரிலிருந்து 18, 19 வயது மாணவர்களுக்கும், பிறகு 16, 17 வயதினருக்கும், 2022 தொடக்கத்தில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கும் பைஸர். பெரியவர்களுக்கு மூன்றாவது ஊசியாகவும் அதுவே.

அந்த ஊசி எங்கள் உயர்தர மாணவரின் தோளுக்கு வந்து சேர்ந்த பயணத்தை நினைத்துப் பாருங்கள். பைஸரை மைனஸ் 70 பாகையளவில் வைக்க வேண்டும். அந்தக் குளிரில்தான் துண்டு உடையாமல் இருக்கும். உறையும்போது உருண்டைகள் சிதையாமலிருக்கச் சீனி சேர்த்திருக்கிறார்கள், நாங்கள் தேநீரில் போடும் அதே சுக்குரோஸ். மொடர்னாவுக்கு மைனஸ் 20 போதும். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் பைஸர் ஐந்து நாட்கள்தான் தாங்கும் என்று முதலில் சொன்னார்கள். 2021 மே மாதத்தில் அது ஒரு மாதம் என்று ஆனது. கேட்க அலுப்பான தகவல். ஆனால் எங்களுக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. கொழும்பின் உறைகுளிரிலிருந்து இறங்கி, மாவட்டத்துக்கு வந்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வளைந்த மலைப் பாதையில் பெட்டியில் ஏறிப் போக அந்த ஒரு மாதம் வேண்டும். குப்பியைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். 1.8 மில்லிலீற்றர் உப்புத் தண்ணீர் சேர்த்தால் ஆறு பேருக்கு வரும். ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆளுக்கு 30 மைக்ரோகிராம். ஒரு கிராமில் 33,000 பேருக்குப் போடலாம்!

மருந்தைச் சுமந்து வரும் கஷ்டம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1802இல் பெரியம்மைக்கு அம்மைப்பால் இங்கே வந்தது. அதற்குக் குளிர்ப் பெட்டி கிடையாது. மனிதக் கைதான் பெட்டி. ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாளளவில் கொப்புளம் வந்ததும் அதிலிருந்து அடுத்த பிள்ளைக்கு. ஐரோப்பாவிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாக அது பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14இல் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இந்தியாவில் முதலில் அம்மை குத்திக்கொண்டாள். அங்கிருந்து கைக்குக் கை மாறி அதே ஆண்டே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அம்மைக் கொப்புளத்து நீரைக் கீறி ஏற்றும் பழைய முறையை இங்கிலாந்து கற்றதும் துருக்கியப் பெண்களிடமிருந்துதான். அங்கே தூதுவரின் மனைவியாக இருந்த மேரி வோர்ட்லி மொன்டேகு அதைப் பார்த்து, 1721இல் லண்டனில் தன் மகளுக்குச் செய்வித்தார். "இது வெள்ளைக்காரன் சரக்கு" என்போர் இந்த வழியை ஒருமுறை வரைபடத்தில் தொட்டுப் பார்க்கட்டும்.

தோட்டத்துக்கு அம்மைகுத்து வந்த விதம் வேறு. மண்டபம் முகாம் என்றால் தாத்தாமாரின் கதைகளில் வரும். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், கப்பல் ஏற வரும் தொழிலாளரைத் தடுத்து வைத்து, சோதித்து, அம்மை குத்தி அனுப்பிய இடம். பிற்காலத்தில் இங்கிருந்து ஓடிய அகதிகள் தங்கியதும் அதே மண்டபத்தில். அங்கே கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. நோய் தடுக்கப்பட்டது உண்மை. துரைமாருக்கு வேலையாள் சாகாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்மை. ஊசி நல்லது, அதைப் போட்ட முறை நல்லதல்ல என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் சமூகத்துக்கு அந்த முறைதான் 2020இல் நடந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து கொவிட் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னதைக் கேட்கவில்லை. டிசம்பரில், மேலே சொன்ன அதே வாரத்தில், பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. எல்லா இனத்தவருமாக 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. ஆனால் அந்தப் பதினொரு மாதத்தில் காய்ச்சல் வந்தும் பிசிஆர் எடுக்கப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். விஞ்ஞானத்தின் பெயரால் மையித்தை எரித்த அதே அரசாங்கம், விஞ்ஞானத்தின் பெயரால் ஊசியோடு வந்தது. தயங்கியவர்களை நாம் குறை சொல்லவில்லை. எரித்தது விஞ்ஞானமும் அல்ல, ஊசி விஞ்ஞானம்தான் என்று பிரித்துக் காட்டத்தான் அன்றும் முயன்றோம், இன்றும் முயல்கிறோம்.

பிள்ளை பிறக்காது என்ற வதந்தியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2018இல் அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று கதை கட்டி, பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்தார்கள். பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அப்படிப்பட்ட பொய்யால் அடி வாங்கிய நாங்களே, மூன்று வருடம் கழித்து ஊசியில் மலட்டு மருந்து என்ற வட்ஸ்அப் செய்தியைப் பகிர்ந்தோமே! துண்டு கருவுக்குள் போகாது. பதிவேட்டைத் தொடாது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் போட்டார்கள், பிள்ளைகள் பிறந்து இப்போது முன்பள்ளிக்குப் போகிறார்கள்.

ஹலாலா என்ற கேள்வி வரும். பைஸர், மொடர்னா பொருட்பட்டியலில் இருப்பது துண்டு, அந்த நான்கு கொழுப்பு, உப்பு வகைகள், சீனி, தண்ணீர். ஜெலட்டின் இல்லை. பன்றிப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று இரு கம்பனிகளும் அறிவித்தன. மேலதிக மார்க்கத் தெளிவு வேண்டுவோர் உலமாக்களிடம் கேளுங்கள், எங்களிடம் வேண்டாம்.

கொவிட் போய்விட்டதே, இப்போது ஏன் இந்தக் கதை என்பீர்கள். 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் எங்களை அறிவித்தது. 2023இல் அது மீண்டும் பரவியது. கொவிட் ஊசிக்குச் சொன்ன அதே வதந்திகளை இப்போது குழந்தைகளின் சாதாரண ஊசிகளுக்கும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் வெற்றுக் கட்டம் இருந்தால் மருத்துவிச்சி மிஸ்ஸிடம் காட்டுங்கள். விட்டுப்போனதைப் பிறகும் போடலாம்.

கடைசியாக ஒரு தகவல். துண்டு ஊசியைப் பணக்கார நாடுகளே செய்தன என்ற மனக்குறை நியாயமானது. 2021இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென ஒரு நிலையம் அமைத்து, ஏழை நாடுகளுக்குச் செய்முறையைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது. 2022 ஜூனில் இந்தியாவின் புனே நகரத்து ஜென்னோவா கம்பனியின் எம்ஆர்என்ஏ ஊசிக்கு அங்கே அவசர அனுமதி கிடைத்தது. அதை உறையக் காய வைத்துத் தூளாக்கியிருக்கிறார்கள், பால்மா மாதிரி. போடும் நேரத்தில் கரைத்துக்கொள்ளலாம். மைனஸ் 70 தேவையில்லை. 2 முதல் 8 பாகை போதும். எங்கள் கிளினிக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் அதுதான்.